நல்ல காய் சட்டிக்கு, சொத்தைக் காய் விதைக்கா? மொட்டை மாடியில் நாட்டு விதை காக்கும் வழி!

சென்னை, ஜூலை 21-

ஆடி பிறந்தாச்சு. ஜவுளிக் கடையில் தள்ளுபடி. அம்மன் கோவிலில் கூழ். இந்த இரண்டையும் சென்னை ஜனங்கள் மறப்பதே இல்லை. மறந்துபோன மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. அதுதான் விதை போடுவது!

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. பட்டம் என்றால் பருவம். சித்திரை, வைகாசி வெயில் தணிந்து, அவ்வப்போது சாயங்கால மழை விழும் நேரம் இது. இப்போது போட்ட விதை, ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும்.

வயல் இல்லாவிட்டால் என்ன? மொட்டை மாடி இருக்கிறது. பால்கனி இருக்கிறது. ஓட்டை வாளி, பெயிண்ட் டப்பா, சிமெண்ட் சாக்கு இருக்கிறது. நகரத்தில் எத்தனையோ வீடுகளில் கத்திரியும் வெண்டையும் மிளகாயும் இப்படித்தான் காய்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் ஒரு சங்கதி. செடி நம்முடையது. விதை யாருடையது?

அண்ணாச்சி, என்ன இது?

விதைக் கடைப் பக்கம் போனால் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணாச்சி, போன வருஷம் உங்ககிட்ட வாங்கின தக்காளி கொத்துக் கொத்தா காய்ச்சுது. அதே பழத்திலேருந்து விதை எடுத்துப் போட்டேன். இப்ப பார்த்தா ஒரு செடியிலே உருண்டை, ஒரு செடியிலே நீளம், இன்னொண்ணு காய்க்கவே இல்லே!"

"அது ஒட்டு விதை சார். அதிலேருந்து விதை எடுக்கப்படாது. வருஷா வருஷம் புதுசுதான் வாங்கணும்."

கடைக்காரர் சொல்வது உண்மைதான். வீரிய ஒட்டு விதை என்பது இரண்டு தனித்தனி ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அந்தத் தலைமுறை மட்டும் ஒரே மாதிரி வளரும். நன்றாகவும் காய்க்கும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் தாத்தா குணமும் பாட்டி குணமும் கலைந்து, செடிக்குச் செடி வேறாக வரும்.

"விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா?" என்று கேட்டார்கள் பெரியவர்கள். ஒட்டு விதையில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது!

நாட்டு விதை அப்படி அல்ல. பத்துத் தலைமுறை ஆனாலும், கலப்பு ஏற்படாமல் பார்த்துக்கொண்டால், தாயைப் போலத்தான் பிள்ளை இருக்கும். ஒரு தரம் கைக்கு வந்தால் போதும். பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

பாக்கெட்டைப் படிங்க!

விதையில் மூன்று வகை உண்டு.

ஒன்று, நாட்டு விதை. ஊர் ஊராக, வீடு வீடாகக் கைமாறி வந்தது.

இரண்டு, தேர்வு செய்த ரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 தக்காளி இதற்கு நல்ல உதாரணம். அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது அது. இந்த வகையிலிருந்தும் தாராளமாக விதை எடுக்கலாம்.

மூன்று, வீரிய ஒட்டு. பாக்கெட்டில் "எப்-1" என்றோ "ஹைபிரிட்" என்றோ அச்சடித்திருக்கும். இதை வாங்குவது தப்பில்லை. ஆனால் விதைக்கு என்று பழம் விட்டு வைத்தால் ஏமாற்றம்தான்.

1988-ம் ஆண்டில் மத்திய அரசு புதிய விதைக் கொள்கையைக் கொண்டு வந்தது. வெளிநாட்டுக் காய்கறி விதைகள் உள்ளே வர வழி திறந்தது. கடையில் கலர் கலராகப் பாக்கெட் தொங்க ஆரம்பித்தது. கூடவே, வீட்டில் விதை எடுக்கும் பழக்கமும் குறைந்துகொண்டே போனது.

இன்னொரு எச்சரிக்கை. பாக்கெட்டைப் பிரித்தால் விதை ரோஸ் கலரிலோ நீலக் கலரிலோ இருக்கிறதா? பூஞ்சணத்தைத் தடுக்க மருந்து தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

விதையை எடுத்து வைப்பது குற்றமா என்று சிலருக்குப் பயம். பயமே வேண்டாம்.

2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம். மறுபடி விதைக்கலாம். மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். பாதுகாப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயர் போட்டுப் பாக்கெட் கட்டி விற்கத்தான் கூடாது.

கத்திரிக்காய் நம்ம ஊர் ஆள்!

தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. வந்து சில நூறு வருஷத்தில் நம்ம மண்ணுக்குப் பழகி நாட்டுத் தக்காளி, முண்டு மிளகாய் என்று பெயர் வாங்கிவிட்டன.

கத்திரிக்காய் கதை வேறு. அது இந்தப் பக்கத்து ஆள். அதனால்தான் பச்சை, வெள்ளை, ஊதா, வரி, முள் என்று ஊருக்கு ஒரு கத்திரி இருக்கிறது. ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க் கத்திரியை ஒப்புக்கொள்ளவே மாட்டார்!

வேலூர் மாவட்டம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும். பறிக்கும்போது கையைப் பதம் பார்க்கும். ஆனாலும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதே ஆண்டில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் குறியீடு கிடைத்தது.

மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காயைச் சாகுபடிக்கு விடலாமா என்று பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். 2010 பிப்ரவரி 9-ந்தேதி அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். கத்திரிக்காயின் பூர்வீகமே இந்தியா, இங்குள்ள ரகங்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதும் அன்று பேசப்பட்ட காரணங்களில் ஒன்று.

குறியீடு கிடைத்த ரகத்துக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாத ரகங்கள் எத்தனை? பாட்டி புடவை முந்தானையில் முடிந்து கொண்டு வந்த அவரை, மாமியார் ஊரிலிருந்து வந்த புடலை. அவற்றை எந்த அரசாங்கமும் எழுதி வைத்திருக்காது. வீட்டில் ஒருவர் ஒரு வருஷம் அசட்டையாக இருந்தால் போதும். அதோடு அந்த ரகத்தின் கதை முடிந்தது!

நாற்று விடுவது எப்படி?

கத்திரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் நாற்று விட வேண்டும். அகலமான தொட்டி அல்லது பழைய தட்டு போதும். அடியில் ஓட்டை முக்கியம்.

மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. விதையை அரை விரற்கடைக்கு மேல் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலே மெல்லிய துணி போட்டுத் தண்ணீர் தெளித்தால் விதை அடித்துக்கொண்டு போகாது. முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும்.

கத்திரியும் தக்காளியும் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். மிளகாய் கொஞ்சம் சோம்பேறி. பத்து நாள் ஆகும். ஒரு மாதம் போனால் பிடுங்கி நடலாம். வெயில் தாழ்ந்த பிறகு சாயங்காலம் நடுவது நல்லது.

வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, சுரைக்கு நாற்று வேண்டாம். நேராகவே ஊன்றலாம். வெண்டை விதையை ராத்திரி தண்ணீரில் போட்டுக் காலையில் ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். 45 நாளில் முதல் காய் பறிக்கலாம்.

பந்தல் அவரை மட்டும் அவசரப்படுத்தினால் கேட்காது. பகல் பொழுது குறைந்து பனி விழும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டது மார்கழி, தையில் காய்க்கும். "கொடி படர்ந்ததே, காயைக் காணோமே" என்று வெட்டிப் போட்டுவிடாதீர்கள்!

தேனீ செய்யும் சேட்டை

விதை எடுக்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் கலப்பு.

தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே தானே கரு சேர்ந்துவிடும். தொந்தரவு இல்லை. அவரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கத்திரி, வெண்டை, மிளகாய் மூன்றும் இரண்டுங்கெட்டான். தானும் சேரும். தேனீ வந்தால் அடுத்த வீட்டுச் செடியோடும் சேரும்.

சான்று விதை உற்பத்தி செய்யும் பண்ணையில் கத்திரிக்கு 100 மீட்டரும், வெண்டை, மிளகாய்க்கு 200 மீட்டரும் இடைவெளி விடச் சொல்கிறது விதிமுறை. நெருக்கமான சென்னைத் தெருவில் 200 மீட்டருக்குள் எத்தனை மாடி! அதற்கு என்ன வழி?

வழி சுலபம். மறுநாள் மலரப்போகும் மொட்டுக்கு மெல்லிய துணியில் தைத்த சின்னப் பையை மாட்டி, காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். தேனீ உள்ளே போக முடியாது. பூ தானே கரு சேர்ந்து பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். "இது விதைக்கு, கை வைக்காதே" என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

கொடிக் காய்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே தேனீயும் விட்டில் பூச்சியும் இல்லாமல் காரியம் ஆகாது. கலப்பு வேண்டாம் என்றால் தேனீயின் வேலையை நாமே செய்ய வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பூசணியும் பாகலும்தான் விடியற்காலையில் பூக்கும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். புடலை இருட்டிய பிறகு மலரும். ஆபீஸ் விட்டு, ரெயில் பிடித்து, வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு மாடி ஏறினால் நேரம் சரியாக இருக்கும்!

காலையிலேயே ஆண் மொட்டிலும் பெண் மொட்டிலும் துணிப் பையை மாட்டிவிடுங்கள். மலர்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மறுபடி பையை மாட்டுங்கள். அவ்வளவுதான்.

கசந்தால் தூக்கி எறி!

இது விளையாட்டு விஷயம் இல்லை. கொடிக் காய்களில் கசப்பு ரகம் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறைச் சுரைக்காய் கசக்கக்கூடும். அந்தக் கசப்பு விஷம். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து வாந்தி, ரத்தப் போக்கு ஏற்பட்டவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழுவே எச்சரித்திருக்கிறது.

எனவே வீட்டு விதையில் காய்த்த சுரை என்றால், நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

வீட்டில் நடக்கும் தப்பு

விதைக்கு விடும் காயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் காய்த்த கொழுகொழு காயெல்லாம் சாம்பாருக்குப் போய்விடும். செடி ஓய்ந்த பிறகு, கடைசியில் கோணலாகத் தொங்கும் ஒற்றைக் காய்தான் விதைக்கு என்று நிற்கும். அப்படி மூன்று வருஷம் செய்தால் என்ன ஆகும்? நோஞ்சான் செடிக்கு நாமே வாரிசு தேடிக் கொடுத்த கதைதான்!

நோயில்லாத செடி, நன்றாகக் காய்க்கும் செடி, அதில் நல்ல காய். அதற்குத்தான் நூல் கட்ட வேண்டும். ஒரே ஒரு செடியை நம்பவும் கூடாது. ஐந்தாறு செடியிலிருந்து எடுத்துக் கலந்து வைத்தால் ரகம் நசியாது. ஒரு வீட்டில் இடம் இல்லையா? நாலு வீடு சேர்ந்து ஆளுக்கு இரண்டு செடி வளர்க்கலாம்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுத்த காயிலிருந்து விதை எடுத்தால் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். செடியைத் தை வரை காப்பாற்றி, வெயில் வந்த பிறகு விதைக்கு எடுப்பதுதான் சென்னைக்கு ஏற்றது.

எடுப்பது இப்படித்தான்!

கத்திரி: காய் மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பறித்து நாலு நாள் வைத்துப் பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும்; சாவி மிதக்கும். ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும்.

தக்காளி: விதையைச் சுற்றிய வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு ஒரு கிண்ணத்தில் ஒரு நாள் புளிக்க விட்டு, நன்றாக அலசிக் காய வையுங்கள்.

வெண்டை: செடியிலேயே காய்ந்து, பழுப்பாகி, ஓரத்தில் வெடிப்பு விட வேண்டும்.

பீர்க்கு: ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும்.

அவரை: கொடியிலேயே காயட்டும். வண்டு விழாமல் சாம்பலில் புரட்டி வையுங்கள்.

மிளகாய்: நன்றாகச் சிவந்த பழமாக இருக்க வேண்டும். உதிர்க்கும்போது கண்ணைக் கசக்காதீர்கள்!

எல்லாவற்றையும் நிழலில், துணியில் பரப்பிக் காய வைக்க வேண்டும். கருங்கல் தளத்தில் மத்தியான வெயிலில் போட்டால் விதை வெந்துபோகும்.

விதைக்கும் ஆயுள் உண்டு

விதை என்பது உயிர். தூங்குகிறது, அவ்வளவுதான். எப்போதும் தூங்காது, ஒரு நாள் செத்துப் போகும்.

வெங்காய விதைக்கு ஆயுள் சுமார் ஒரு வருஷம். வெண்டை, மிளகாய்க்கு இரண்டு வருஷம். தக்காளி, கத்திரிக்கு மூன்று, நாலு வருஷம். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் இதுவும் குறையும். டில்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் விதையை மைனஸ் 18 டிகிரி குளிரில் வைத்துக் காக்கிறார்கள். வீட்டில் அது முடியாது. பெரியவர்கள் காய்ந்த சுரைக் குடுக்கையிலும் சாம்பலிலும் வைத்தது ஈரத்தை விரட்டத்தான்.

இன்று ஒரு மூடி இறுகிய கண்ணாடி சீசா போதும். அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கை, அதன் மேல் காகிதப் பொட்டலத்தில் விதை. பெயரும் வருஷமும் எழுதி பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். சீசாவின் குளிர் போன பிறகு திறந்தால்தான் விதையில் வேர்வை படியாது.

பழைய விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? இருபது விதையை ஈரத் துணியில் சுருட்டிப் பத்து நாள் வையுங்கள். பதினாலு முளைத்தால் 70 சதவீதம். கத்திரிக்கும் தக்காளிக்கும் அரசு விதித்த குறைந்தபட்ச அளவே அதுதான். வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60.

வீட்டுக்காரர் கோபம்!

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இன்னொரு தலைவலி உண்டு.

"என்ன சார் இது, மாடியைக் காடாக்கி வெச்சிருக்கீங்க? தளம் ஊறினா யார் பொறுப்பு?"

வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மண் நிரப்பிய 20 லிட்டர் பை தண்ணீர் குடித்தால் 20 கிலோவைத் தாண்டும். முப்பது பை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுத் தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். மழைநீர்க் குழாயை அடைக்கக் கூடாது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி!

இதையெல்லாம் சரியாகச் செய்து, முதல் காய்ப்பில் அரைக் கிலோவை வீட்டுக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டுக்கு நாலு!

விதையைக் காப்பதற்குச் சிறந்த பூட்டு எது? அடுத்தவர் வீடுதான்!

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர் நெல் ஜெயராமன். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்தார். அவர் வைத்த கணக்கு எளிமையானது. இரண்டு கிலோ விதை நெல் வாங்கிப் போகிறவர், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு கிடையாது. 2018 டிசம்பர் 6-ந்தேதி அவர் காலமானார். அவர் கொடுத்த விதையோ பல விவசாயிகள் வயலில் இன்றும் விளைகிறது.

அதே கணக்கை மாடிக்கும் வைக்கலாம். பத்துக் கத்திரி விதை வாங்கினால், மாசியில் இருபதாகத் திருப்பிக் கொடுங்கள். வெள்ளத்தில் ஒரு வீட்டு விதை போனாலும், எலி தின்றாலும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், எதிர் வீட்டில் அந்த ரகம் இருக்கும்.

இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பரணிலோ அஞ்சறைப் பெட்டியிலோ பாட்டி முடிந்து வைத்த பொட்டலம் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், எந்த வருஷத்து விதை என்று கேளுங்கள். மூன்று வருஷம் ஆகியிருந்தால் அடுத்த ஆடிக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஆடி பதினெட்டு வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஈரத் துணியில் சுருட்டுங்கள். முளைக்கிறதா என்று பாருங்கள்!